கோபம், எரிச்சல், பதட்டம்: வீட்டுக்குள்ள தினமும் நடக்கறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபம் வந்தா என்ன பேசுறேன்னே தெரிய மாட்டேங்குது. இது என் சுபாவம், மாத்தவே முடியாதுன்னு வீட்டுல சொல்றாங்க. அப்படியா?

போன வாரம் ஆபீஸ்ல மேனேஜர் நாலு பேர் முன்னாடி "இதக்கூட ஒழுங்கா பண்ணத் தெரியாதா"ன்னு கேட்டப்ப என்ன பண்ணீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. காது சூடாச்சு, கை லேசா நடுங்குச்சு, ஆனா வாயிலேர்ந்து வந்தது "ஓகே சார், மாத்திடறேன் சார்" மட்டும்தான். அதே ஆளு ராத்திரி ஏழரைக்கு வீட்டுக்கு வந்து இன்னும் ஷூவக்கூட கழட்டல, புள்ள ஹோம்வொர்க் நோட்டு மேல பால் டம்ளரத் தட்டி விட்டுடுச்சு, அவ்வளவுதான், எதிர் வீட்டு டிவி சத்தத்தையும் தாண்டி கேக்கற மாதிரி ஒரு கத்து. பால் கொட்டுனது பத்து ரூபா விஷயம். மேனேஜர் சொன்னது மானப் பிரச்சனை. எதுக்குப் பெரிய கோபம் வந்திருக்கணும்?

இதுலேர்ந்து ஒண்ணு நல்லா தெரியுது, உங்களுக்கு கண்ட்ரோல் இல்லாம இல்ல, நல்லாவே இருக்கு, காலையில வேலை செஞ்சிருக்கு. திருப்பி அடிக்க முடியாதவங்க கிட்ட வந்து நிக்கும்போதுதான் அது கழண்டுக்குது. திருக்குறள்ல வெகுளாமைன்னு ஒரு அதிகாரம் இருக்கு, அதோட முதல் குறளே இதத்தான் சொல்லுது: "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்." உன் கோபம் பலிக்கற இடத்துல அடக்குனாத்தான் அது அடக்கம், பலிக்காத இடத்துல அடக்குனா என்ன, அடக்காட்டி என்ன. மேனேஜர் கிட்ட காட்டுன பொறுமைக்கெல்லாம் மார்க் கிடையாதுன்னு சொல்லிட்டாரு மனுஷன்.

சிலருக்குப் பொறந்ததுலேர்ந்தே சட்டுனு சூடாகுற குணம் இருக்கும், அது உண்மைதான், ஒரே வீட்டுல பொறந்த ரெண்டு கைக்குழந்தைங்கள்ல ஒண்ணு சாந்தமா இருக்கும், ஒண்ணு எதுக்கெடுத்தாலும் வீறிடும். ஆனா கோபம் சீக்கிரம் வர்றது வேற, வந்த கோபத்த யார் மேல எப்படிக் கொட்டுறோம்ங்கறது வேற. முதல்ல சொன்னது சுபாவம். ரெண்டாவது பழக்கம், அத மாத்தலாம்.

கோபம் வரும்போது உடம்புல என்னதான் நடக்குது?

மூளைக்குள்ள அமிக்டலான்னு பாதாம் பருப்பு சைஸ்ல ஒரு பகுதி இருக்கு, ஆபத்து மாதிரி எது தெரிஞ்சாலும் இது முதல்ல அலாரம் அடிச்சுடும். கிட்னிக்கு மேல இருக்கற அட்ரினல் சுரப்பி அட்ரினலின விடும், இதயம் வேகமா அடிக்கும், மூச்சு மேல மேல வரும், கை கால் தசைக்கு ரத்தம் பாயும். சண்டை போடு இல்ல ஓடுன்னு உடம்பு தயாராகுற இந்த நிலைய வால்டர் கேனன்ங்கற அமெரிக்க உடலியல் விஞ்ஞானி 1915லயே எழுதி வச்சுட்டாரு. புலி வந்தா உதவுற ஏற்பாடு இது. ஆனா வர்றது புலி இல்ல, "வரும்போது தயிர் வாங்கிட்டு வரச் சொன்னேனே"ங்கற கேள்விதான். உடம்புக்கு அந்த வித்தியாசம் உடனே புரியறதில்ல. நிதானமா யோசிக்கற முன்மூளை வேலைய ஆரம்பிக்கறதுக்குள்ள வாய் முந்திக்கும்.

மனசுல வச்சுக்கக் கூடாது, கத்தித் தீத்துட்டா ஆறிடும்னு சொல்றாங்களே?

இத நம்பாதவங்களே கிடையாது, "அவரு கத்துவாரு, ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டாரு, தங்கமான மனுஷன்"னு ஊருக்கு நாலு பேருக்கு சர்டிஃபிகேட் குடுத்து வச்சிருக்கோம். ஆனா ஆராய்ச்சி நேர் எதிரா சொல்லுது. பிராட் புஷ்மன்னு ஒரு சைக்காலஜி பேராசிரியர், 2002ல வந்த அவரோட ஆய்வுல, கோபமா இருக்கறவங்கள குத்துச்சண்டைப் பைய குத்தச் சொல்லி, கோபப்படுத்துன ஆள நெனச்சுக்கிட்டே குத்துங்கன்னு சொன்னாங்க. குத்துனவங்களுக்கு கோபம் குறையல, கூடுச்சு. ஒண்ணும் பண்ணாம சும்மா உக்காந்திருந்தவங்க அவங்கள விட நல்லா இருந்தாங்க. 2024ல சோஃபி கியார்விக்னு இன்னொருத்தரோட சேந்து 154 ஆய்வுகள ஒண்ணா வச்சுப் பாத்தப்பவும் அதே முடிவுதான், உடம்பு சூட்டக் குறைக்கற விஷயம், அதாவது மூச்சுப் பயிற்சி, தியானம், தசைகளத் தளர்த்துறது, யோகா இதெல்லாம் கோபத்தக் குறைக்குது, கத்துறது உடைக்கறதெல்லாம் குறைக்கறதில்ல. ஓடிட்டு வந்தாக்கூட கோபம் குறையறதில்லன்னு அதுல வந்தது எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. நடந்தா ஓடுனா உடம்புக்கு நல்லது, அதுல சந்தேகம் இல்ல, ஆனா கொதிச்சுக்கிட்டு இருக்கற அந்த நேரத்துக்கு அது மருந்து இல்ல.

அந்தத் தங்கமான மனுஷனுக்கு கத்துனதும் ஏன் நிம்மதியா இருக்குன்னா, எதிர்ல இருக்கறவங்க பயந்து அமைதியாயிட்டாங்க, அவரு கேட்டது நடந்துடுச்சு, அதனாலதான். மனசுல வச்சுக்காதது அவர். வச்சுக்கிட்டது வீட்டுல இருக்கற மத்த எல்லாரும்.

அப்ப அடக்கிக்கிட்டே இருக்கணுமா? அதுவும் கெடுதல்னு சொல்றாங்களே?

வெளிய காட்டாம முகத்த இறுக்கி வச்சுக்கறதும் சரியான வழி இல்லதான். ஜேம்ஸ் கிராஸ்னு அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துல இருக்கற சைக்காலஜி பேராசிரியர் இதுல நிறைய வேலை செஞ்சிருக்காரு. உணர்ச்சிய முகத்துல காட்டாம அமுக்குறவங்களுக்கு உள்ள இருக்கற உணர்ச்சி அப்படியேதான் இருக்கு, உடம்புல அழுத்தம் கூடுது, அந்த நேரத்துல கேட்டது பாத்தது கூட சரியா ஞாபகத்துல நிக்கறதில்ல. நடந்தத வேற மாதிரி பாத்துப் பழகுனவங்க மனசு லேசா இருக்காங்க. வேற மாதிரி பாக்கறதுன்னா? வாட்ஸ்ஆப்ல ரெண்டு நீல டிக் வந்துடுச்சு, பதில் இல்ல. "என்னை மதிக்கவே மாட்டேங்குறா"ன்னும் எடுத்துக்கலாம், "பஸ்ல நின்னுக்கிட்டே பாத்திருப்பா, இறங்குனதும் பேசுவா"ன்னும் எடுத்துக்கலாம். ரெண்டும் யூகம்தான், எது நிஜம்னு உங்களுக்கு இப்ப தெரியாது, அப்புறம் ஏன் வலிக்கற யூகத்தையே பிடிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காரணும்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன், இந்த "வேற மாதிரி பாரு"ங்கறத நம்ம வீடுகள்ல பெண்களுக்கு மட்டும்தான் சொல்றாங்க. பொறுத்துப் போ, அவரு டென்ஷன்ல சொல்லியிருப்பாரு, நீ பெருசா எடுத்துக்காத. நிஜமாவே தப்பு நடந்திருக்கற இடத்துல பார்வைய மாத்திக்கறது வைத்தியம் ஆகாது. அங்க மாத்த வேண்டியது தப்பத்தான், அதுக்கு உங்க கோபம் தேவைப்படும்.

சரி, அந்த நிமிஷத்துல நான் என்ன பண்ணணும்? புத்தி சொல்றதெல்லாம் அப்புறம்.

மூச்ச விடுங்க. நல்லா இழுத்து விடுங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா விஷயம் இழுக்கறதுல இல்ல, விடுறதுல இருக்கு. மூச்சு வெளிய போகும்போது, மூளையிலேர்ந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பு வழியா இதயத்துடிப்பு குறையும், அதனால உள்ள இழுக்கற நேரத்த விட வெளிய விடுற நேரம் கூடுதலா இருக்கணும், நாலு எண்ணி இழுத்தா ஏழு எட்டு எண்ணி மெதுவா விடுங்க. மூக்கால ஒரு தடவ இழுத்து, அது மேலயே இன்னும் கொஞ்சம் இழுத்து, அப்புறம் வாயால நீளமா விடுறதுன்னு ஒரு முறை இருக்கு, குழந்தைங்க அழுது முடிச்சதும் தன்னால ஒரு பெருமூச்சு விடும் பாருங்க, கிட்டத்தட்ட அதேதான். ஸ்டான்ஃபோர்ட்ல 2023ல வந்த ஆய்வுல தினமும் 5 நிமிஷம் இந்த மாதிரி ஒரு மாசம் பண்ணவங்களுக்கு மனநிலை நல்லாவே மேம்பட்டுச்சு.

அதுக்கும் அடங்கலன்னா எடத்த விட்டு நகருங்க. ஆனா எப்படி நகர்றீங்கங்கறதுதான் முக்கியம். கதவ அறைஞ்சு சாத்திட்டு பைக்க எடுத்துக்கிட்டு போறது நகர்றது இல்ல, அது சண்டையோட அடுத்த ரவுண்டு, அந்தக் கோபத்தோட ட்ராஃபிக்ல போறது வேற ஆபத்து. "இப்ப பேசுனா நான் தப்பா ஏதாவது சொல்லிடுவேன், அரை மணி நேரம் குடு, வந்து பேசறேன்"னு சொல்லிட்டுப் போங்க, சொன்ன நேரத்துக்கு வந்து பேசுங்க. வராம விட்டீங்கன்னா அடுத்த தடவ நீங்க எழுந்திருச்சாலே "ஓடிப் போறாரு பாரு"ன்னுதான் தோணும். ஏன் அரை மணி நேரம்னா, புருஷன் பொண்டாட்டி சண்டைய லேப்ல உக்கார வச்சு இதயத்துடிப்பெல்லாம் அளந்து வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ண ஜான் காட்மன், துடிப்பு நிமிஷத்துக்கு 100 தாண்டிட்டா எதிராளி சொல்றது காதுலயே ஏறாது, உடம்பு பழைய நிலைக்கு வர குறைஞ்சது 20 நிமிஷமாவது ஆகும்னு சொல்றாரு.

அந்த 20 நிமிஷத்துல மொட்டை மாடிக்குப் போய் "அவ இப்படிச் சொன்னா நான் இப்படிக் கேப்பேன்"னு ஒத்திகை பாத்துக்கிட்டு இருந்தா போனதுக்கு அர்த்தமே இல்ல, இறங்கி வரும்போது இன்னும் சூடாதான் வருவீங்க. துணி மடிங்க, செடிக்கு தண்ணி ஊத்துங்க, பச்சத் தண்ணில முகம் கழுவுங்க, காய் நறுக்குங்க (கத்தி வேணாம்னு தோணுனா வெங்காயம் உரிங்க). முக்கியமா போன தள்ளி வச்சுடுங்க. கோபத்துல அனுப்புற மூணு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் பத்து வருஷம் கழிச்சும் யாரோ ஒருத்தர் போன்ல பத்திரமா இருக்கும்.

எனக்கு எப்பவும் டென்ஷனாவே இருக்கு. எதனாலன்னு கேட்டா சொல்லத் தெரியல.

கோபமும் டென்ஷனும் பல நேரம் வாசல்ல நிக்கற ஆளுங்க மட்டும்தான், உள்ள வேற யாரோ இருப்பாங்க. பொண்ணு ராத்திரி ஒன்பதரை ஆகியும் டியூஷன்லேர்ந்து வரல, போனும் எடுக்கல, வந்து நின்னதும் அப்பா முதல்ல கேக்கறது "எங்கடி ஊர் சுத்திட்டு வர்ற". அது பயம். அரை மணி நேரமா அந்த மனுஷன் மனசுல ஆக்சிடென்ட், ஆஸ்பத்திரி எல்லாம் ஓடியிருக்கு, பொண்ணுக்கு அது எதுவும் தெரியாது, அவளுக்குக் கேட்டது திட்டு மட்டும்தான். தம்பி கல்யாணத்துல மொய் எழுதுறப்ப கையில பணம் பத்தல, வீட்டுக்கு வந்து பொண்டாட்டிய எரிஞ்சு விழறான், அது வெட்கம். ரிட்டயர் ஆன மாமா டிவி ரிமோட்டுக்கு சண்டை போடுறாரு, இந்த வீட்டுல இனிமே யாரும் என்கிட்ட எதுவும் கேக்கறதில்லங்கற வருத்தம் அது.

தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதி, உடம்புல தெரியற உணர்ச்சிகள எட்டா பிரிச்சிருக்கு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அதோட நிக்கல, ஒவ்வொண்ணும் எதனால வருதுன்னு நாலு நாலு காரணம் வேற. அழுகைக்கு சொல்ற நாலு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது அவமானப்பட்டது, இழந்தது, இருந்த நிலை தாழ்ந்து போனது, கையில இல்லாதது. மனசு சரியில்லாத ஒரு நாள்ல இந்த நாலையும் வரிசையா உங்களையே கேட்டுப் பாருங்க, எது தொட்டதும் தொண்டை அடைக்குதோ அதுதான்.

பேர் வச்சுட்டா மட்டும் என்ன ஆகும்னு கேக்கலாம். மேத்யூ லீபர்மன்ங்கற அமெரிக்க சைக்காலஜி ஆராய்ச்சியாளரோட குழு 2007ல மூளை ஸ்கேன் எடுத்துப் பாத்தாங்க, கோபமான பயந்த முகங்களோட படத்தக் காட்டி, அதுல தெரியற உணர்ச்சிக்குப் பொருத்தமான வார்த்தைய எடுக்கச் சொன்னப்ப அமிக்டலாவோட வேகம் குறைஞ்சுச்சு. இதுக்கு ஆப் எதுவும் வேணாம். "எனக்கு இப்ப கோபம் இல்ல, நாளைக்கு ஈ.எம்.ஐ கட்டணும்னு பயமா இருக்கு" அவ்வளவுதான், முடிஞ்சா பக்கத்துல இருக்கறவங்க காதுல விழற மாதிரி.

காலையில நல்லாத்தான் இருக்கேன், சாயங்காலம் ஆனா எல்லாத்துக்கும் எரிச்சல் வருது.

மதியம் என்ன சாப்ட்டீங்க, ராத்திரி எத்தன மணிக்குத் தூங்குனீங்கன்னு முதல்ல பாருங்க. ஒரு ராத்திரி முழுசா தூங்காதவங்களுக்கு, மோசமான படங்களக் காட்டும்போது அமிக்டலா தூங்குனவங்கள விட 60 சதவீதம் அதிகமா துடிக்குதுன்னு 2007ல ஒரு ஆய்வு வந்திருக்கு. ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பாத்துட்டு மறுநாள் குடும்பத்துல யாருமே சரியில்லன்னு முடிவு பண்றதுல அர்த்தம் இல்ல. பீரியட்ஸுக்கு முந்தின வாரம், தைராய்டு, ரத்த சோகை, சர்க்கரை இறங்குறது இதெல்லாமும் எரிச்சலா வெளிய வரும், மாசக்கணக்கா இப்படியே இருந்தா ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துடுங்க.

ராத்திரி படுத்தா யோசனை ஓடிக்கிட்டே இருக்கு. நினைக்கக் கூடாதுன்னு நினைச்சாலும் வருது.

நினைக்கக் கூடாதுன்னு நினைக்கறதுதான் பிரச்சனையே. டேனியல் வெக்னர்னு ஒருத்தர் 1987ல ஆளுங்கள உக்கார வச்சு வெள்ளைக் கரடிய மட்டும் நினைக்காதீங்கன்னு சொன்னாரு, அவங்களுக்கு கரடி திரும்பத் திரும்ப நினைப்புல வந்துக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் நினைக்கலாம்னு சொன்னதும், முதல்லேர்ந்தே நினைக்க விட்டவங்கள விட அதிகமா வந்துச்சு. இது வெரட்டுனா போற விஷயம் இல்ல.

அதுக்கு ஒரு நேரம் ஒதுக்குங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு பதினஞ்சு இருபது நிமிஷம், கையில ஒரு பழைய நோட்டு, என்னென்ன பயமோ எல்லாத்தையும் எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நாளைக்கு நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கான்னு எழுதுங்க. "அம்மா முழங்கால்: வியாழக்கிழம ஆர்த்தோ டாக்டர் இருக்காரான்னு போன் பண்ணணும்." "கம்பெனில ஆள் குறைப்பு: ரெஸ்யூம் அப்டேட் பண்ணணும், மத்தது என் கையில இல்ல." ராத்திரி ரெண்டு மணிக்கு அதே யோசனை திரும்ப வந்தா, நோட்டுல இருக்கு, நாளைக்கு ஆறு மணிக்குப் பாத்துக்கலாம்னு சொல்லிக்கலாம். முதல் சில நாள் கேக்காது, அப்புறம் கேக்க ஆரம்பிக்கும். தூக்கம் வராம இருபது நிமிஷத்துக்கு மேல புரண்டா எழுந்திருச்சு மங்கலான வெளிச்சத்துல வேற எடத்துல உக்காருங்க, கண்ணு சொருகும்போது வந்து படுங்க. மணி பாக்காதீங்க, பாத்தா இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்குன்னு கணக்கு ஆரம்பிச்சுடும்.

கூடப் படிச்சவ கிரகப்பிரவேச ஸ்டேட்டஸ் போட்டிருக்கா, பாத்ததுலேர்ந்து வயிறு எரியுது. நான் கெட்டவளா?

இல்ல. பொறாமை எல்லாருக்கும் வரும், வெளிய ஒத்துக்கறவங்க கம்மி, அவ்வளவுதான். அம்பானி வீட்டப் பாத்து உங்களுக்கு வயிறு எரியல பாருங்க, கூட பெஞ்சுல உக்காந்தவளப் பாத்துதான் எரியுது, ஏன்னா அவ எட்டுன தூரம் உங்களுக்கும் எட்டக்கூடிய தூரம்னு மனசு நினைக்குது. அதனால எதப் பாத்து எரியுதுன்னு கவனிங்க. வீட்டப் பாத்தா, இல்ல அந்த போட்டோவுல அவ வீட்டுக்காரர் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கறதப் பாத்தா? பதில் தெரிஞ்சா உங்களுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுடும். மத்தபடி ரெண்டு வாரம் அவ ஸ்டேட்டஸ மியூட் பண்றதுல ஒரு தப்பும் இல்ல.

கடையில பொம்மை வேணும்னு தரையில உருண்டு அழறான். நாலு அடி போட்டாத்தான் அடங்குவான்னு மாமனார் சொல்றாரு.

அடங்குவான், பயத்துல. முன்மூளை முழுசா வளர இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஆகுது, மூணு வயசுப் புள்ளைக்கு தன்னத்தானே அமைதிப்படுத்திக்கத் தெரியாது, அத உங்கள வச்சுதான் கத்துக்கும். அழுதுக்கிட்டு இருக்கும்போது லெக்சர் குடுக்காதீங்க, காதுல விழாது. கீழ உக்காந்து அவன் கண்ணு மட்டத்துக்கு வந்து, "அந்த கார் வேணும்னு இருக்கு, கிடைக்கலன்னு கோபமா இருக்கு, இல்லடா கண்ணா? இன்னைக்கு வாங்கப் போறதில்ல"ன்னு ஒரே ஒரு தடவ சொல்லிட்டு பக்கத்துலயே இருங்க. கோபம் வரலாம், பொம்மை வராது, ரெண்டும் அவனுக்குப் புரியணும். கடைக்காரர் பாக்கறாரு, பில் போடுற லைன்ல இருக்கறவங்க பாக்கறாங்கன்னு குடுத்துடுவோம் பாருங்க, அங்கதான் மாட்டறோம், உருண்டா கிடைக்கும்னு அன்னைக்கு அவன் கத்துக்கிட்டான்.

"ஆம்பளப் புள்ள அழலாமா"ன்னு சொல்றத மட்டும் இன்னையோட விட்டுடுங்க. அழக்கூடாதுன்னு வளந்த பையனுக்கு பெரியவனானதும் துக்கம், பயம், அவமானம் எல்லாத்துக்கும் மிச்சம் இருக்கறது கோபம் ஒண்ணுதான். முதல் கேள்வியில ஷூவோட கத்துனாரே, அவரும் இப்படி வளந்தவரா இருக்கலாம்.

மாமியார் கிட்ட, அப்பா கிட்ட எல்லாம் மனசுல இருக்கறத எப்படிச் சொல்றது? சொன்னா எதுத்துப் பேசுறான்னு ஆயிடும்.

நேரம் பாத்து சொல்லணும், பாதி வேலை அதுலதான் இருக்கு. காலையில எட்டு மணிக்கு குக்கர் விசில் அடிக்கும்போது சொன்னா யார் சொன்னாலும் சண்டைதான். மத்தியானம் அவங்க முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கும்போது நீங்களும் ஒரு கொத்து எடுத்துக்கிட்டு உக்காருங்க, கண்ணப் பாத்துப் பேச வேண்டிய கஷ்டம் இல்ல, கைக்கும் வேலை இருக்கும். அப்ப, "அத்தை, நேத்து சித்தி வந்திருந்தப்ப சாம்பார்ல உப்பு இல்லன்னு அவங்க முன்னாடி சொன்னீங்கல்ல, எனக்கு ஒரு மாதிரி சங்கடமா போச்சு. அப்படி ஏதாவதுன்னா உள்ள கூப்பிட்டு சொல்லுங்க அத்தை, உடனே போட்டுடறேன்." இவ்வளவுதான். ஒரு சம்பவம், உங்களுக்கு எப்படி இருந்துச்சு, என்ன பண்ணலாம். "நீங்க எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிச்சா அவங்க உப்ப விட்டுட்டு பத்து வருஷத்துக்கு முந்தி நீங்க பண்ணத எடுப்பாங்க, அதுலயும் ஒண்ணு ரெண்டு உண்மையா இருக்கும், அப்புறம் எங்க போய் முடியறது.

வீட்டுக்காரர் மூலமா சொல்லி அனுப்பறது எனக்குத் தெரிஞ்சு ஒரு வீட்டுலயும் வேலை செஞ்சதில்ல. அவரு பாதிய முழுங்கிட்டு மீதிய தப்பா சொல்வாரு.

அப்பாவுக்கும் இதேதான், ஆனா சில அப்பாக்கள் முகத்துக்கு நேரா பேசுனா மூடிக்குவாங்க, வண்டியில பின்னாடி உக்காந்துக்கிட்டோ சேந்து நடந்துக்கிட்டோ சொன்னா கேப்பாங்க. லெட்டர் எழுதுனா சிலர் பத்திரமா வச்சுப் படிப்பாங்க.

கோபத்துல பேசிட்டேன். இப்ப எப்படி சரி பண்றது? சாரி சொல்ல வாய் வரல.

நம்ம வீடுகள்ல சாரிக்கு பதிலா "சாப்ட்டியா"ன்னு கேப்போம். தோசை கூட ரெண்டு வைப்போம், அவங்களுக்குப் பிடிச்ச பஜ்ஜி வாங்கிட்டு வருவோம். இதுல பாசம் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா என்ன தப்பு நடந்துச்சுங்கறது பேசப்படாமயே இலைக்கு அடியில போயிடுது, அடுத்த மாசம் அதே சண்டை, அதே பஜ்ஜி. சொல்லித்தான் ஆகணும். "காலையில உங்க அம்மா வீட்ட இழுத்துப் பேசுனேன், அது தப்பு, அந்தப் பேச்சு இனிமே எடுக்க மாட்டேன்." ஆனான்னு ஒரு வார்த்தை பின்னாடி வரக்கூடாது, "தப்புதான், ஆனா நீயும்தான"ன்னு வந்துச்சுன்னா சொன்னதெல்லாம் வீண்.

புள்ளைங்க கிட்டயும் கேக்கணுமான்னு சந்தேகம் வரும். கேக்கணும். "அப்பா வேற கோபத்த உன் மேல காட்டிட்டேன், பால் கொட்டுனதுக்கு அவ்வளவு கத்தியிருக்கக் கூடாது." மரியாதை போயிடும்னு பயப்படாதீங்க, அப்பா கத்துனது தன்னாலதான்னு அது நினைச்சுக்கிட்டு படுக்கறத விட இது எவ்வளவோ மேல்.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகப் போகுது, இன்னும் தேத்திக்க முடியல. இது நார்மலா?

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சா சொந்தக்காரங்க கிளம்பிடுவாங்க, துக்கத்துக்கு அந்தத் தேதி தெரியாது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கறதுன்னு அஞ்சு படி இருக்குன்னு நிறைய பேர் சொல்வாங்க. அது எலிசபெத் கூப்ளர் ராஸ்ங்கற மனநல மருத்துவர் 1969ல எழுதுனது, அவங்க பேசுனது சாகப் போற நோயாளிங்க கூட, அவங்கள இழந்தவங்க கூட இல்ல. துக்கம் படிப்படியா போகாது. நல்லா இருந்துக்கிட்டே இருப்பீங்க, பீரோவுல அவரோட மூக்குக் கண்ணாடி கூடு கையில தட்டுப்படும், அன்னைக்கு பூரா முடியாது. அழுங்க, அவரப் பத்திப் பேசுங்க, அவரு பேர எடுத்தா நீங்க அழுவீங்கன்னு மத்தவங்க வாயே திறக்காம இருப்பாங்க, பேசலாம்னு நீங்களே சொல்லிடுங்க. ஆனா வருஷம் தாண்டியும் பெரும்பாலான நாள் வேலைக்குப் போக முடியல, சாப்பிட முடியல, அவரு கூடவே போயிடலாம்னு தோணுதுன்னா அதுக்கு வைத்தியம் இருக்கு, 2022லேர்ந்து அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டுலயும் இந்த நீடிச்ச துக்கத்தத் தனி நோயா சேத்திருக்காங்க. அதுல பெரியவங்களுக்கு வச்சிருக்கற கணக்கு 12 மாசம்.

எப்ப டாக்டர் கிட்ட போகணும்?

ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் மனசு கனமா இருந்தா, முன்ன பிடிச்ச எதுலயும் பிடிப்பு இல்லன்னா, தூக்கமும் பசியும் மாறிடுச்சுன்னா, நெஞ்சு படபடப்பு திரும்பத் திரும்ப வந்தா (முதல்ல ஈ.சி.ஜி எடுத்துடுங்க). செத்துடலாம்னு எண்ணம் வந்தா ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேணாம், அன்னைக்கே யார்கிட்டயாவது சொல்லுங்க. 14416க்கு போன் பண்ணலாம், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். இலங்கையில இருக்கறவங்களுக்கு 1926. நேர்ல பாக்கணும்னா மாவட்ட அரசு மருத்துவமனையிலயே மனநல ஓ.பி இருக்கு, சென்னையில கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794லேர்ந்து இருக்கு. அந்தப் பேரக் கேட்டாலே சிரிக்கறாங்கன்னு தெரியும், சினிமாக்காரங்க பண்ண வேலை அது. அங்க வெளிநோயாளியா வந்து பாத்துட்டு சாயங்காலம் வேலைக்குப் போறவங்க எத்தனையோ பேர்.

கை நீட்டுறது வேற கணக்கு. கோபத்துல அடிச்சுட்டாரு, அவருக்கு கோபம் ஜாஸ்தின்னு சொல்லி கவுன்சிலிங் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி அடி வாங்குறவங்க பாதுகாப்பப் பாருங்க. அவரு மேனேஜர அடிக்கல, போலீஸ்காரர அடிக்கல, வீட்டுல மட்டும்தான் அடிக்கறாரு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005லயே வந்துடுச்சு, பெண்கள் உதவிக்கு 181.

மாத்திரை ஆரம்பிச்சா அதுக்கு அடிமையாயிடுவோமா?

மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் இப்ப முதல்ல குடுக்கற எஸ்.எஸ்.ஆர்.ஐ வகை மாத்திரை சாராயம் மாதிரி ஏங்க வைக்காது. வேலை செய்ய ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும், சில சமயம் இன்னும் கொஞ்சம் கூட, அதுக்குள்ள குமட்டல், தலைவலின்னு வந்து, பலன் ஒண்ணும் தெரியலன்னு பத்தாம் நாளே நிறுத்திடறவங்களும் உண்டு. நல்லாயிடுச்சுன்னு நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க, தலைசுத்தல் எரிச்சல் எல்லாம் வரும், டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு விடுவாரு. அல்பிரசோலம், குளோனசிபாம் மாதிரி உடனே அமைதிப்படுத்துற மாத்திரைங்க வேற வகை, அதுலதான் பழகிப் போற ஆபத்து இருக்கு, கம்மி நாளைக்குத்தான் எழுதுவாங்க. பழைய சீட்டக் காட்டி மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கிப் போடாதீங்க, பக்கத்து வீட்டு அக்காவுக்கு நல்லா கேட்டுச்சுன்னு அவங்க அட்டையில பாதி வாங்கிக்கவும் வேணாம்.